பாரோலோவின் ஆண்டுகள்: லாங்கே குன்றுகளில் ஓர் இலையுதிர்காலப் பயணம்

ஞாயிறு, ஆல்பா

லியோனிலிருந்து அதிகாலையில் காரில் கிளம்பி, ஃப்ரேஜூஸ் சுரங்கப்பாதை வழியாக ஆல்ப்ஸைக் கடந்து, தூரின் நகரைச் சுற்றிக்கொண்டு மதியம் ஆல்பா வந்து சேர்ந்தேன். இத்தாலியின் வடமேற்கே, பியமோண்டே மாநிலத்தின் தென்பகுதியில், தனாரோ ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம் இது. இதைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில்தான் பாரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு சிவப்பு ஒயின்களும் உருவாகின்றன. இரண்டுமே நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து, வேறெந்த வகையும் கலக்காமல் செய்யப்படுபவை. இந்த ஒரு வாரத்தில் வெவ்வேறு அறுவடை ஆண்டுகளைச் சேர்ந்த பாட்டில்களை வாங்கி என் நிலவறையில் சேர்க்க வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். சொந்தக் காரில் வந்ததும் அதற்காகத்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துச் செல்லும் ஒயினுக்கு 90 லிட்டர் என்பது வழக்கமான வரம்பு. வழக்கமான 750 மில்லி அளவில் அது 120 பாட்டில் ஆகிறது. அத்தனையும் வாங்க நான் வரவில்லை.

இது வெள்ளை ட்ரஃபிள் காளான் பருவம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் கடைகள் திறந்திருந்தன. நகரின் பழைய கடைத்தெருவில் ஓர் ஒயின் கடைக்குள் நுழைந்தபோது, பாட்டில்கள் ஊர்வாரியாகவோ உற்பத்தியாளர்வாரியாகவோ இல்லாமல் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். கீழ்த்தட்டில் புதிதாக வந்த 2021, அதன்மேல் 2020, 2019 என்று ஏறிக்கொண்டே போய், கண்ணாடிக் கதவு போட்ட மேல்தட்டில் 1990-களின் சில பாட்டில்கள் மங்கிய லேபிள்களோடு படுத்திருந்தன. கடையை நடத்தும் அம்மையாரிடம் 2016 பாரோலோ வேண்டும் என்றேன். "எப்போது திறக்கப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்டார். பத்து ஆண்டுகள் வைத்திருக்க இடம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் ஏணியை எடுத்து வந்தார். அடுத்த ஆண்டே குடிப்பதற்கு என்றால் 2018-ஐத்தான் கொடுத்திருப்பேன் என்றும் சொன்னார். இந்த வட்டாரத்து ஒயினை வாங்குபவர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பாரோலோவைச் சட்டப்படி அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் குறைந்தது 38 மாதங்கள் முதிரவிட வேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். கூடுதல் காலம் முதிர்ந்ததைக் குறிக்கும் ரிசர்வா என்ற சொல்லை அச்சிட 62 மாதங்கள் தேவை. பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள் போதும். ஆகவே கடைக்கு வரும்போதே இந்த ஒயின்களுக்குக் குறைந்தது இரண்டு, மூன்று வயது ஆகிவிடுகிறது. ஆனாலும் அது குடிக்கத் தகுந்த வயது என்று பொருளாகாது. பாட்டிலின் கழுத்தில் மூடிக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே ஒட்டப்பட்டிருக்கும் அரசாங்கச் சீட்டில் உள்ள வரிசை எண், அது உத்தரவாதம் பெற்ற உயர்தரப் பிரிவைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். பாரோலோ, பார்பரெஸ்கோ, தொஸ்கானா மாநிலத்துப் புரூனெல்லோ ஆகிய மூன்றும் 1980-இல் அந்தத் தகுதியைப் பெற்றன.

திங்கள், பார்பரெஸ்கோ

ஆல்பாவிலிருந்து கால் மணி நேரத்தில் பார்பரெஸ்கோ வந்துவிடுகிறது. ஒரே தெரு, அதன் முடிவில் ஆற்றைப் பார்த்து நிற்கும் பழைய கோபுரம், நடுவில் தேவாலயம், அதற்கு எதிரே கூட்டுறவுச் சங்கம். இந்தச் சங்கத்துக்காகவே நான் இந்த ஊருக்கு வருகிறேன்.

ஆல்பா ஒயின் பள்ளியின் தலைவராக இருந்த தொமீத்சியோ கவாட்சா 1894-இல் இங்கே முதல் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். பாசிச ஆட்சிக்காலத்தில் அது மூடப்பட்டது. பின்னர் 1958-இல் ஊர்ப் பங்குத்தந்தை ஃபியோரீனோ மரெங்கோ 19 திராட்சை விவசாயிகளைச் சேர்த்து அதை மீண்டும் நிறுவினார். திராட்சையை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு இளைஞர்கள் தூரின் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. முதல் சில ஆண்டுகளின் ஒயின் தேவாலயத்தின் அடித்தளத்தில்தான் தயாரானது. இன்று ஏறத்தாழ ஐம்பது குடும்பங்கள் அதில் உறுப்பினர்கள். தங்கள் நெபியோலோ முழுவதையும் அவர்கள் சங்கத்துக்கே தருகிறார்கள்.

நல்ல ஆண்டுகளில் சங்கம் ஒன்பது தோட்டங்களின் ஒயினைத் தனித்தனி ரிசர்வாவாக அடைக்கிறது. அசீலி, ரபாயா, ஒவெல்லோ, மொந்தெஸ்தெஃபனோ என்று அந்தத் தோட்டங்களின் பெயரே லேபிளில் பெரிதாக நிற்கும். ரிசர்வாவுக்குத் தகுதியில்லை என்று அவர்கள் முடிவு செய்யும் ஆண்டுகளில் இந்த ஒன்பது தோட்டங்களின் பழமும் சாதாரண பார்பரெஸ்கோவுக்குள் போய்விடுகிறது. விலை மாறுவதில்லை, உள்ளடக்கம் மாறிவிடுகிறது. ஒயின் வாங்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சாதாரண பார்பரெஸ்கோவைத்தான். ஆண்டுதோறும் ஆறு பாட்டில் வாங்கி வைத்தால், பத்தாவது ஆண்டில் கையில் இருப்பது ஒரு முழுமையான வரிசை. வானிலை ஒயினில் என்ன செய்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் கற்பிக்க எந்த மதிப்பெண் பட்டியலாலும் முடியாது.

மதியம் ஊர் உணவகத்தில் 2014 மொந்தெஸ்தெஃபனோ ரிசர்வா கிடைத்தது. 2014 கோடை முழுவதும் குளிரும் மழையுமாக இருந்த ஆண்டு. பல பட்டியல்களில் அதைத் தவிர்க்க வேண்டிய ஆண்டாகவே எழுதிவைத்தார்கள். ஆனால் அந்த மழை பாரோலோ பக்கம் பெய்த அளவுக்குப் பார்பரெஸ்கோ பக்கம் பெய்யவில்லை. பொறுமையாகக் காத்திருந்து அக்டோபரில் அறுவடை செய்தவர்களுக்கு நல்ல பழம் கிடைத்தது. கோப்பையில் இருந்த ஒயின் மெலிந்த உடலோடு, தூய ரோஜா மணத்தோடு, நாக்கில் நீண்ட நேரம் நிற்கும் புளிப்போடு இருந்தது. "பியமோண்டே 2014" என்று ஒரே வரியில் ஒரு ஆண்டுக்குத் தீர்ப்பு எழுதுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. இருபது கிலோமீட்டர் தொலைவில் மேகம் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

செவ்வாய், லா மோர்ராவும் செர்ரலுங்காவும்

பாரோலோ என்ற பெயரைத் தாங்கும் ஒயின் 11 ஊர்களின் நிலத்தில் விளைகிறது. அவற்றுள் பாரோலோ, காஸ்தில்யோனே ஃபல்லெட்டோ, செர்ரலுங்கா தால்பா ஆகிய மூன்று ஊர்கள் முழுமையாகவும், மற்றவை பகுதியாகவும் அதில் அடங்கும். இன்று காலை மேற்கு ஓரத்தில் லா மோர்ரா, பிற்பகல் கிழக்கு ஓரத்தில் செர்ரலுங்கா. குறுக்கே ஒரு பள்ளத்தாக்குதான், ஆனால் மண் வேறு. லா மோர்ராவிலும் பாரோலோ ஊரின் பெரும்பகுதியிலும் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண் இருக்கிறது. செர்ரலுங்காவில் அதைவிட வயதில் மூத்த படிவுகள், மணற்பாறையும் சுண்ணாம்பும் மாறி மாறி அடுக்கப்பட்டவை. முதலாவது தரும் ஒயின் மணத்தில் முந்திக்கொள்கிறது, சீக்கிரம் இளகுகிறது. இரண்டாவது தரும் ஒயின் இறுகி நிற்கிறது, பல ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. தோட்டங்களின் எல்லைகளைப் பார்பரெஸ்கோவில் 2007-லும் பாரோலோவில் 2010-லும் சட்டப்படி வரையறுத்தார்கள். அதனால் புருனாதே, செரேக்வியோ, விஞ்ஞா ரியோந்தா போன்ற பெயர்களை இன்று லேபிளில் நம்பி வாங்க முடிகிறது.

லா மோர்ராவில் ஒரு சிறு குடும்பப் பண்ணையில் 2017, 2018, 2019 ஆகிய மூன்றையும் ஒரே தோட்டத்திலிருந்து வரிசையாக ஊற்றிக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரலில் உறைபனி, அதன்பின் கடும் வெயிலும் வறட்சியும். ஒயினில் கனிந்த பழத்தின் இனிப்பும் விரிந்த உடலும் இருந்தன. மழையோடு தொடங்கிய 2018-இன் ஒயின் வெளிறிய நிறத்தில், எடை குறைந்து, இப்போதே பேசத் தயாராக இருந்தது. 2019 மூன்றிலும் நிமிர்ந்து நின்றது. அதில் பழமும் இருந்தது, புளிப்பும் இருந்தது, துவர்ப்பும் இருந்தது; ஒன்றும் மற்றொன்றுக்கு வழி விடவில்லை. பண்ணையின் மூத்தவர் 2018 பாட்டிலைத் தொட்டுக் காட்டி, "இதை நாங்கள் வீட்டில் குடிக்கிறோம், மற்றதைப் பேரப்பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறோம்" என்றார். நான் 2018-இல் ஒரு பெட்டியும் 2019-இல் ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டேன்.

இதே ஊரின் அனுன்சியாத்தா பகுதியில்தான் எலியோ அல்தாரே என்ற ஒயின் தயாரிப்பாளர் 1983-இல் தம் தந்தையின் பழைய பெரும் பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தார். நொதிக்கும் காலத்தைச் சில நாட்களாகச் சுருக்கி, 225 லிட்டர் பிரெஞ்சுப் புதுப் பீப்பாய்களில் முதிரவிடும் முறையை அவரும் அவருடைய தலைமுறையினரும் கொண்டுவந்தார்கள். நீண்ட நாட்கள் தோலோடு ஊறவைத்து ஸ்லவோனிய ஓக்கின் பெரிய பீப்பாய்களில் வைப்பது பழைய முறையாக நின்றது. அன்று மூண்ட சண்டை இன்று அடங்கிவிட்டது. புதுமைக்காரர்கள் பலர் பெரிய பீப்பாய்களுக்குத் திரும்பினார்கள், பழையவர்கள் நிலவறைத் தூய்மையைக் கற்றுக்கொண்டார்கள். 1990-களின் பாட்டில் வாங்குபவர் மட்டும் இன்னும் இந்தப் பிரிவினையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் அக்காலத்துப் பெரிய பீப்பாய் ஒயின்களே அழகாக வயதாகியிருக்கின்றன. சிறு பீப்பாய் ஒயின்கள் பலவற்றில் மரத்தின் வாசனை பழத்தைவிட நெடுநாள் வாழ்ந்துவிட்டது.

செர்ரலுங்காவில் 2021-ஐச் சுவைத்தேன். முதல் மிடறில் பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல் ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. ஆனால் அந்தத் துவர்ப்புக்கு உள்ளே பழத்தின் செழிப்பு தெரிந்தது. துவர்ப்பு மட்டும் இருந்து பழம் இல்லாத ஒயினை எத்தனை ஆண்டு வைத்தாலும் பழம் வந்து சேராது. இளம் ஒயினைச் சுவைப்பவர் தேட வேண்டியது அந்தச் சமநிலையைத்தான்.

புதன், பாரோலோ

பாரோலோ ஊரின் நடுவில் ஃபல்லெட்டி பிரபுக்களின் கோட்டை நிற்கிறது. அதற்குள் ஒயின் அருங்காட்சியகமும், வட்டாரத்து உற்பத்தியாளர்களின் ஒயினைச் சுவைத்து வாங்கும் கூடமும் இருக்கின்றன. கோட்டையிலிருந்து வடக்கே பார்த்தால் கன்னூபி குன்று தெரிகிறது. 1752 என்று ஆண்டிட்டு அக்குன்றின் பெயர் எழுதப்பட்ட ஒரு பாட்டில் இன்னும் பாதுகாக்கப்படுகிறது.

இந்த ஊரின் பர்தோலோ மஸ்கரெல்லோ 2005-இல் காலமாகும்வரை தனித்தோட்ட ஒயின் செய்ய மறுத்தவர். கன்னூபி, சான் லொரென்சோ, ருவே ஆகியவற்றோடு லா மோர்ராவின் ரொக்கே தெல்லானுன்சியாத்தாவையும் சேர்த்து, நான்கு தோட்டங்களின் பழத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே பாரோலோவாகச் செய்வது அவருடைய குடும்ப வழக்கம், அது இன்றும் தொடர்கிறது. வறண்ட ஆண்டில் ஈரம் காக்கும் நிலம் கைகொடுக்கும், மழை ஆண்டில் நீர் வடியும் சரிவு கைகொடுக்கும் என்ற விவசாயிகளின் பழைய அறிவு அதற்குள் இருக்கிறது. தனித்தோட்டப் பெயருக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கும் இக்காலத்தில், நிலவறையில் பல ஆண்டுகளை வரிசையாகச் சேர்க்க நினைப்பவருக்கு இத்தகைய கலவை ஒயின்களே நம்பகமானவை என்று நான் கருதுகிறேன்.

ஆண்டைப் பற்றிய பொதுத் தீர்ப்புக்கு எதிராக நடந்த இரண்டு நிகழ்வுகளை இங்கே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2002-இல் மழையும் ஆலங்கட்டியும் வட்டாரத்தையே அழித்தபோது பலர் தங்கள் உயர்தர ஒயினைச் செய்யவே இல்லை. கொன்தெர்னோ குடும்பமோ செர்ரலுங்காவின் ஃப்ரான்சியா தோட்டத்திலிருந்து அந்த ஆண்டில் மொன்ஃபோர்த்தினோ என்ற தன் பாரோலோ ரிசர்வாவை அடைத்தது, அது இன்று தேடித் தேடி வாங்கப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, நீண்ட ஆயுள் கொண்ட ஆண்டு என்று 2006-ஐ மற்றவர்கள் புகழ்ந்தபோது, புரூனோ ஜகோசா என்ற தயாரிப்பாளர் தம் 2006 பாரோலோவையும் பார்பரெஸ்கோவையும் பாட்டிலில் அடைக்க மறுத்துவிட்டார். இருவருமே தங்கள் நாக்கை நம்பினார்கள்.

வெப்பம் கூடியிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முன்பு பத்து ஆண்டுகளில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில்தான் நெபியோலோ முழுமையாகப் பழுத்தது. அதனால்தான் 1971, 1978, 1982, 1989 ஆகியவற்றின் பெயர் இன்னும் ஒலிக்கிறது. இப்போது ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் பழுத்துவிடுகிறது. விவசாயிகளின் கவலை புளிப்பைக் காப்பாற்றுவதற்கு மாறியிருக்கிறது. வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளிய கைகள் இன்று நிழலுக்காக இலைகளை விட்டுவைக்கின்றன. வடக்கு நோக்கிய, உயரமான சரிவுகளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. வெப்பமான 2003, 2011, 2017 ஆகியவற்றைக் குளிர்ந்த 2010, 2013 ஆகியவற்றோடு ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. முன்னவற்றை முதலில் குடிக்க வேண்டும், பின்னவற்றை விட்டுவைக்க வேண்டும்.

இரவு உணவுக்கு ஓர் உணவகத்தில் 1996 பாரோலோ ஒன்றைத் திறந்தார்கள். இரண்டு நாட்களுக்கு முன்பே நான் தொலைபேசியில் சொல்லியிருந்ததால் பாட்டிலை நேராக நிறுத்திவைத்து வண்டலை அடியில் இறங்கவிட்டிருந்தார்கள். பரிமாறுபவர் தக்கையை இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட தக்கை எடுப்பானால் மெல்ல அசைத்து எடுத்தார். அதன் கீழ்நுனி மட்டும் கருஞ்சிவப்பாக, மேலே உலர்ந்தே இருந்தது. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்து, குடுவைக்குள் சாய்த்துக்கொண்டே வந்தவர், முதல் வண்டல் துகள் தோளுக்கு வந்ததும் நிறுத்தினார். நிறம் நடுவில் மாதுளை, விளிம்பில் செங்கல். முதலில் பெரிதாக ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு உலர்ந்த ரோஜா, தார், தேயிலை, ஈரமான சருகு என்று ஒவ்வொன்றாக வந்தன. 1996 கடும் புளிப்போடும் துவர்ப்போடும் பிறந்த ஆண்டு. பத்தாண்டுகளுக்கு முன் திறந்திருந்தால் இந்த மணங்களைக் கண்டிருக்க முடியாது. ஏறக்குறைய முப்பது வயதிலும் அதன் துவர்ப்பு முழுவதும் போய்விடவில்லை, ஆனால் பட்டுப்போல் மெலிந்திருந்தது.

வியாழன், பொலென்சோ

பிரா நகரை ஒட்டிய பொலென்சோவில், சவோய் மன்னர் கார்லோ அல்பெர்த்தோ கட்டிய பண்ணை மாளிகையில் இன்று உணவியல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அதன் பழைய நிலவறையில் ஒயின் வங்கி என்ற அமைப்பு இருக்கிறது. இத்தாலி முழுவதிலுமிருந்து ஒயின்களைப் பெற்று, அவற்றை ஆண்டுவாரியாக முதிரவிட்டு, நாட்டின் ஒயின் நினைவைக் காப்பதே அதன் பணி. செங்கல் வளைவுகளின் கீழே ஊர்ப்பெயர்ப் பலகைகளோடு பாட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. இன்று முழுவதையும் இங்கேயே கழித்தேன். இந்தப் பயணத்தில் மிகவும் பயன்பட்ட நாளும் இதுதான்.

ஒயினைச் சேமிப்பதில் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் சிறந்தது. ஆனால் ஆண்டு முழுவதும் 16 டிகிரியில் அசையாமல் இருக்கும் அறை, குளிர்காலத்தில் 8-க்கும் கோடையில் 24-க்கும் ஊசலாடும் அறையைவிட நல்லது. வெப்பம் ஏறும்போது ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், இறங்கும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இந்தத் தள்ளாட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தால் பாட்டில் கெட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காடு அளவில் இருந்தால் தக்கை காய்ந்து சுருங்காது. அதிகமானால் லேபிளில் பூசணம் பிடிக்கும், ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. பாட்டிலைப் படுக்க வைப்பதும் தக்கை நனைந்திருக்கத்தான். வெளிச்சமும் அதிர்வும் கூடாது; மோட்டார் ஓடும் பழைய குளிர்சாதனப் பெட்டி சில மாதங்களுக்குப் பரவாயில்லை, பதினைந்து ஆண்டுகளுக்கு உதவாது. சென்னையில் இருக்கும் நண்பர்கள் பாரோலோவை வீட்டில் முதிரவிடலாமா என்று கேட்பதுண்டு. தனி ஒயின் பெட்டியும், மின்சாரம் போகும்போது கைகொடுக்கும் மாற்று ஏற்பாடும் இல்லாமல் அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த வெயிலுக்கு 2018 போன்ற ஆண்டை வாங்கி, வந்த மாதத்திலேயே குடிப்பது நல்லது.

நெபியோலோவின் நிறம் ஏன் இவ்வளவு சீக்கிரம் செங்கல் நிறமாக மாறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். அதன் தோலில் உள்ள நிறமிகளில் பெரும்பகுதி எளிதில் ஆக்சிஜனோடு சேரும் வகையைச் சார்ந்தவை. ஆகவே வெளிறிய நிறத்தைப் பார்த்து ஒயின் முடிந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. துவர்ப்புத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, நிறமிகளையும் சேர்த்துக்கொண்டு வண்டலாக இறங்குகின்றன. வாயில் மென்மை கூடுவதும் பாட்டிலில் கசடு சேர்வதும் இதனால்தான். இதற்கு நடுவில், பாட்டிலில் அடைத்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒயின் மணமும் காட்டாமல் பழமும் காட்டாமல் மூடிக்கொள்ளும் ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் திறந்து ஏமாந்தவர்கள் ஏராளம். ஒரு பாட்டில் மட்டும் வாங்கினால் அந்தக் கட்டம் எப்போது முடிகிறது என்பதை அறிய வழியே இல்லை. அதனால்தான் ஒரே ஒயினில் குறைந்தது மூன்று, முடிந்தால் ஆறு பாட்டில் வாங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஒன்றரை லிட்டர் மாக்னம் பாட்டிலில் ஒயினின் அளவுக்குக் காற்று குறைவு என்பதால் அது மெதுவாக முதிரும். அரை பாட்டில் வேகமாக முதிரும்.

பழைய பாட்டில் வாங்குபவருக்கும் இங்கே நல்ல பயிற்சி கிடைக்கிறது. வழிகாட்டியாக வந்த இளைஞர் 1980-களின் பாட்டில் ஒன்றை எடுத்து, கழுத்தில் கைவிளக்கை அடித்துக் காட்டினார். ஒயினின் மட்டம் தக்கைக்குக் கீழே விரல்கடை அளவு இறங்கியிருந்தது. அந்த வயதுக்கு அது இயல்பு. மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தால் வாங்கக் கூடாது. தக்கை உலோக உறையைத் தள்ளிக்கொண்டு மேலே வந்திருந்தாலோ, உறையைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தாலோ அது எங்கோ வெப்பத்தில் வாடியிருக்கிறது. லேபிள் கிழிந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கே, யாரிடம், எத்தனை ஆண்டு இருந்தது என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சனி, மொந்தால்ச்சீனோ

நேற்று முழுவதும் பயணத்தில் போயிற்று. ஆல்பாவிலிருந்து தொஸ்கானாவின் மொந்தால்ச்சீனோவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இங்கே திராட்சை மாறுகிறது, புரூனெல்லோ முழுக்க முழுக்க சாஞ்சோவேசே. நெபியோலோவைவிட வெயிலை விரும்பும் நிலம், உயரமான சரிவுகளுக்கும் தெற்கத்திய தாழ்நிலங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரி 1 அன்றுதான் புரூனெல்லோ விற்பனைக்கு வரலாம், ரிசர்வா அதற்கும் ஓராண்டு கழித்து.

நகராட்சிக் கட்டடத்தின் சுவரில், 1992 முதல் ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு பீங்கான் ஓடு பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டின் தரத்துக்கு வழங்கப்பட்ட நட்சத்திரங்களும் பல ஓடுகளில் இருக்கும். அழகான வழக்கம், நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆனால் அந்த நட்சத்திரங்கள் அறுவடை முடிந்த சில மாதங்களிலேயே, ஒயின் இன்னும் குழந்தையாக இருக்கும்போதே வழங்கப்பட்டு வந்தவை. அவற்றை வைத்து ஐந்து ஆண்டு கழித்து ஒயின் வாங்குவது சரியில்லை.

நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன புரூனெல்லோ மரபு பியொந்தி சாந்தி குடும்பத்தின் இல் கிரெப்போ பண்ணையில் 1888-இல் தொடங்கியது. அவர்களுடைய 1955 ரிசர்வா இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒயின்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பழைய பாட்டில்களைத் திறந்து, சுவைத்துப் பார்த்து, அதே ஆண்டின் ஒயினை ஊற்றி நிரப்பி, புதுத் தக்கை இட்டுத் தரும் வழக்கம் அங்கே நெடுநாள் இருந்தது. ஒரு பண்ணை தன் பழைய ஆண்டுகளைக் கையிருப்பில் வைத்திருப்பதன் மதிப்பு அதில் தெரிகிறது. அந்த மதிப்பு எவ்வளவு எளிதில் அழியும் என்பதையும் இதே ஊர் கண்டிருக்கிறது. 2012 டிசம்பரில் ஜான்ஃப்ராங்கோ சோல்தெராவின் பண்ணைக்குள் இரவில் புகுந்த முன்னாள் பணியாளர் ஒருவர் பீப்பாய்களின் குழாய்களைத் திறந்துவிட்டதில், 2007 முதல் 2012 வரை ஆறு ஆண்டுகளின் ஒயின், 60,000 லிட்டருக்கும் மேல், சாக்கடையில் ஓடிவிட்டது.

நான் இங்கே 2016-லும் 2019-லும் புரூனெல்லோ எடுத்தேன். கூடவே, ஓராண்டிலேயே வெளிவரும் ரோஸ்ஸோ தி மொந்தால்ச்சீனோவில் ஒரு பெட்டி. நல்ல பண்ணைகளின் ரோஸ்ஸோ, குடித்துக்கொண்டே காத்திருக்க உதவும் ஒயின்.

ஞாயிறு, லியோன்

பெட்டிகளை நிலவறையில் இறக்கிவிட்டேன். சில வாரங்களுக்கு எதையும் திறக்கப் போவதில்லை. ஆடி அசைந்து வந்த ஒயின் அமைதியாக வேண்டும். அடுக்கும் முறையை இம்முறை மாற்றியிருக்கிறேன். ஆல்பா கடைக்காரர் அறுவடை ஆண்டுப்படி அடுக்கியிருந்ததை, நான் திறக்கும் ஆண்டுப்படி அடுக்கினேன். கைக்கு எட்டும் தட்டில் ரோஸ்ஸோவும், 2018 பாரோலோவும், 2014 பார்பரெஸ்கோவும் இருக்கின்றன. நடுவில் லா மோர்ராவின் 2019. கீழே, குளிர்ந்த தரைக்கு அருகில், செர்ரலுங்காவின் 2021, புரூனெல்லோ 2016, 2019, அந்த அம்மையார் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்த 2016 பாரோலோ. ஒவ்வொரு பெட்டியின் மேலும் வாங்கிய இடம், தேதி, முதல் பாட்டிலைத் திறக்க வேண்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

2026 ஜனவரியில் 2022 பாரோலோ கடைக்கு வரும். கடும் வறட்சி கண்ட ஆண்டு அது. ஈரம் காக்கும் களிமண் நிலங்களும், வேர் ஆழமாக இறங்கிய பழைய கொடிகளும் அதில் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கக் கூடும் என்பது என் எதிர்பார்ப்பு. லா மோர்ரா பண்ணையிலும் செர்ரலுங்காவிலும் தலா ஒரு பாட்டில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் அருகருகே திறந்து சுவைத்த பிறகு, பெட்டியாக வாங்கலாமா என்பதை இங்கே எழுதுகிறேன்.